புளோரன்ஸ் பிரைஸ் உண்மையிலேயே மறக்கப்பட்டவரா?

கேள்வி

அனைவருக்கும் வணக்கம். மூன்று ஆண்டுகளாகப் பியானோ கற்றுவருகிறேன். மேற்கத்திய செவ்வியல் இசையில் ஐரோப்பியப் பெயர்களைத் தாண்டி எனக்கு அதிகம் தெரியாது. அண்மையில் புளோரன்ஸ் பிரைஸ் என்னும் ஆப்பிரிக்க அமெரிக்கப் பெண் இசையமைப்பாளரின் முதல் சிம்பொனியைக் கேட்டேன். யானிக் நெசே-செகான் நடத்த, பிலடெல்பியா ஆர்கெஸ்ட்ரா வாசித்து, 2022இல் கிராமி விருது பெற்ற ஒலிப்பதிவு அது. அதன் இரண்டாம் பகுதியில் பித்தளைக் குழல்கள் மட்டும் ஒன்றுகூடித் தேவாலயப் பாடலைப் போன்ற ஒன்றை வாசிக்கும் இடத்தை எத்தனை முறை திரும்பக் கேட்டேன் என்று எனக்கே கணக்கில்லை.

அவரைப் பற்றித் தேடிப் படித்தபோது ஏறக்குறைய எல்லாக் கட்டுரைகளும் ஒரே கதையைச் சொல்லின. 2009இல் இல்லினாய் மாநிலத்தில் பாழடைந்த வீடு ஒன்றைப் புதுப்பிக்க முனைந்தவர்கள் கட்டுக்கட்டாகக் கையெழுத்துப் பிரதிகளைக் கண்டெடுத்தார்கள் என்றும், அதன் பிறகே உலகம் அவரை அறிந்தது என்றும் எழுதியிருக்கிறார்கள். 1933இலேயே சிகாகோ சிம்பொனி ஆர்கெஸ்ட்ரா வாசித்த ஒருவரை 2009 வரை யாருக்குமே தெரியாது என்பதை என் மனம் ஏற்க மறுக்கிறது. அவருடைய வாழ்க்கையை அறிந்தவர்கள் சற்று விரிவாகச் சொல்ல முடியுமா? இந்தச் சிம்பொனி செக் இசையமைப்பாளர் துவோர்ஷாக்கின் ‘புதிய உலகச் சிம்பொனி’யைப் பார்த்து எழுதப்பட்டது என்று ஓரிடத்தில் படித்தேன், அதுவும் நியாயமான பேச்சுதானா என்று தெரிந்துகொள்ள விரும்புகிறேன்.

மறுமொழி 1

நண்பருக்கு வணக்கம். வாழ்க்கையைப் பற்றி நான் அறிந்ததைச் சொல்கிறேன். மற்றவற்றை என்னைவிட நன்றாகச் சொல்லக்கூடியவர்கள் இங்கே இருக்கிறார்கள்.

ஆர்கன்சா மாநிலத்தின் லிட்டில் ராக் நகரில் 1887 ஏப்ரல் 9 அன்று பிறந்தார். தந்தை பல் மருத்துவர்; தாய் இசை ஆசிரியை. தாயிடமே முதலில் பியானோ கற்றார். 1903இல் பாஸ்டனின் நியூ இங்கிலாந்து கன்சர்வேட்டரியில் சேர்ந்து, 1906இல் ஆர்கன் வாசிப்பிலும் பியானோ கற்பித்தலிலும் இரண்டு பட்டயங்களுடன் வெளியே வந்தார். அந்தக் கன்சர்வேட்டரியின் ஏட்டில் அவருடைய சொந்த ஊர் மெக்சிகோவில் இருப்பதாகப் பதிவாகியிருந்தது. கறுப்பினப் பெண் என்று தெரிந்தால் மகள் எதிர்கொள்ள வேண்டிய அவமதிப்புகளைத் தவிர்க்கவே தாய் அவ்வாறு எழுதச் செய்தார் என்பார்கள். பதினாறு வயதுப் பெண் தன் ஊரையே மறைத்துக்கொண்டு படிக்க வேண்டியிருந்தது என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் கனக்கிறது.

படிப்பு முடிந்து தெற்கே திரும்பியவர், ஆர்கன்சாவிலும் பிறகு அட்லாண்டாவின் கிளார்க் பல்கலைக்கழகத்திலும் கற்பித்தார். 1912இல் வழக்கறிஞர் தாமஸ் பிரைஸை மணந்து லிட்டில் ராக் நகருக்கே வந்தார். பாஸ்டனில் முறையாகப் படித்துத் தேறியிருந்தும், ஆர்கன்சா மாநில இசை ஆசிரியர் சங்கம் நிறத்தைக் காரணமாக வைத்து அவரை உறுப்பினராகச் சேர்க்கவில்லை. 1927இல் அந்நகரில் ஜான் கார்ட்டர் என்னும் கறுப்பினத்தவரை ஒரு கும்பல் தூக்கிலிட்டுச் சுட்டுக் கொன்று, உடலைக் கறுப்பின மக்களின் கடைவீதிக்கு இழுத்துவந்து எரித்தது. அதே ஆண்டில் பிரைஸ் குடும்பம் ஊரைவிட்டுக் கிளம்பிச் சிகாகோவுக்குக் குடிபெயர்ந்தது. தெற்கிலிருந்து வடக்கு நகரங்களை நோக்கி அக்காலத்தில் நகர்ந்த பல லட்சம் கறுப்பின மக்களில் அவர்களும் சேர்ந்துகொண்டார்கள்.

சிகாகோ அவருக்குச் சுகமான வாழ்க்கையை அள்ளிக் கொடுத்துவிடவில்லை. 1931இல் மணமுறிவு ஏற்பட்டது. இரண்டு மகள்களை வைத்துக்கொண்டு, மௌனப் படங்களுக்குத் திரையரங்கில் ஆர்கன் வாசித்தும், புனைபெயரில் வானொலி விளம்பரப் பாட்டுகள் எழுதியும், மாணவர்களுக்குக் கற்பித்தும் பிழைத்தார். முதல் சிம்பொனியை எழுதத் தொடங்கியது அந்த 1931 ஜனவரியில்தான். அப்போது அவருக்குக் கால் முறிந்திருந்தது. அதனால் வெளியே போக இயலாமல் கிடைத்த சில நாள்களை அவர் வீணாக்கவில்லை. இடையூறின்றி எழுத இன்னொரு முறை கால் முறியும் பேறு எப்போது வாய்க்குமோ என்று தோழி ஒருவருக்கு எழுதினார். வேடிக்கையாகத்தான் எழுதினார் என்றாலும், ஒரு சிம்பொனிக்கு வேண்டிய அமைதி ஒரு தாய்க்கு எந்த விலையில் கிடைத்தது என்பதை அந்த ஒரு வரி காட்டிவிடுகிறது.

1932ஆம் ஆண்டில், கறுப்பின இசையமைப்பாளர்களுக்கான வானமேக்கர் போட்டியில் அந்தச் சிம்பொனிக்கு முதல் பரிசாக 500 டாலரும், அவருடைய பியானோ சொனாட்டாவுக்கு 250 டாலரும் கிடைத்தன. அடுத்த ஆண்டு ஜூன் 15 அன்று, சிகாகோவில் நடந்த உலகக் கண்காட்சியையொட்டி, பிரெடரிக் ஸ்டாக் நடத்த, சிகாகோ சிம்பொனி ஆர்கெஸ்ட்ரா அதை ஆடிட்டோரியம் அரங்கில் அரங்கேற்றியது. ஆப்பிரிக்க அமெரிக்கப் பெண் ஒருவரின் சிம்பொனியை நாட்டின் பெரிய ஆர்கெஸ்ட்ரா ஒன்று வாசித்தது அதுவே முதல் முறை. அன்றைய நிகழ்ச்சி ஜான் பவல் என்னும் வெள்ளையரின் படைப்போடு தொடங்கியது. வெர்ஜீனியாவில் இனக்கலப்பைத் தடைசெய்த 1924ஆம் ஆண்டுச் சட்டத்துக்காகப் பாடுபட்டவர் அவர். அப்படிப்பட்டவரின் பெயருக்குக் கீழேதான் பிரைஸின் பெயரும் அன்று அச்சாகியிருந்தது.

மறுமொழி 2

கேள்வி கேட்டவரின் ஐயம் முற்றிலும் நியாயமானது. ‘மறக்கப்பட்டார்’ என்று எழுதுகிறவர்கள் யார் மறந்தார்கள் என்பதைச் சொல்வதில்லை. சிகாகோவின் கறுப்பின இசைச் சமூகம் அவரை மறக்கவில்லை. 1939 ஏப்ரல் 9 அன்று வாஷிங்டனின் லிங்கன் நினைவிடத்தின் படிகளில் நின்று மேரியன் ஆண்டர்சன் 75,000 பேருக்கு முன் பாடினாரே, அந்த நிகழ்ச்சியின் நிறைவில் பாடிய ஆன்மிகப் பாடல் (அடிமைக் காலத்தில் கறுப்பின மக்களிடையே பிறந்த பக்திப் பாட்டு வகை) பிரைஸ் இசையமைத்துக் கொடுத்தது. அன்று பிரைஸுக்குப் பிறந்தநாளும்கூட. அதன் பிறகு கறுப்பினப் பாடகர்கள் தலைமுறை தலைமுறையாக அந்தப் பாடலைக் கச்சேரிகளில் பாடிவந்திருக்கிறார்கள். அவர் 1953 ஜூன் 3 அன்று, ஐரோப்பியப் பயணத்துக்குத் திட்டமிட்டிருந்த வேளையில் காலமானார். அதற்குப் பதினொரு ஆண்டுகள் கழித்துச் சிகாகோவில் ஒரு தொடக்கப் பள்ளிக்கு அவர் பெயர் சூட்டப்பட்டது.

அப்படியானால் காணாமல் போனது எது? சிம்பொனிகளும், ஒரு தனிக்கருவி ஆர்கெஸ்ட்ராவோடு சேர்ந்து வாசிக்க எழுதப்படும் கான்செர்ட்டோக்களும்தான் காணாமல் போயின. அதற்கான காரணம் மிகச் சாதாரணமானது. ஆனால் அதைப் புரிந்துகொள்ளாமல் பிரைஸின் வாழ்க்கையைப் புரிந்துகொள்ள முடியாது என்று நான் நினைக்கிறேன். ஒரு பாட்டு பிழைத்திருக்க நான்கைந்து தாள்கள் போதும். ஒரு பாடகர் பையில் வைத்துக்கொண்டு ஊர் ஊராகப் போகலாம், ஆசிரியர் மாணவிக்குப் படியெடுத்துக் கொடுக்கலாம். சிம்பொனி அப்படிப் பிழைக்காது. நடத்துநருக்கு ஒரு முழுப் பிரதி வேண்டும். அதிலிருந்து ஒவ்வொரு கருவிக்கும் உரிய பகுதியைத் தனித்தனியே பிரித்தெழுதி, வயலின்காரர்களுக்கு மட்டுமே பல படிகள் எடுத்து, பிழை பார்த்து வைக்க வேண்டும். பதிப்பகம் அதை அச்சிட்டு வாடகைக்குக் கொடுத்தால்தான் வேறு ஊரிலுள்ள ஆர்கெஸ்ட்ரா அதை வாசிக்கும். பிரைஸின் பாட்டுகளுக்கும் சிறுவர்களுக்கான பியானோப் பயிற்சித் துண்டுகளுக்கும் பதிப்பகங்கள் கிடைத்தன. அவருடைய சிம்பொனிகளில் ஒன்றுகூட அவர் உயிரோடு இருந்தவரை அச்சாகவில்லை.

அச்சகம் செய்ய வேண்டிய வேலையை அவருக்காகச் செய்தவர்கள் நண்பர்கள். பண நெருக்கடியில் அவர் மகள்களோடு எஸ்டெல் பாண்ட்ஸ் என்பவரின் வீட்டில் தங்கியிருந்தார். அந்த வீட்டுப் பெண்ணான மார்கரெட் பாண்ட்ஸ் பிற்காலத்தில் தாமும் புகழ்பெற்ற இசையமைப்பாளரானார். குளிர்கால இரவுகளில் சமையலறையின் பெரிய மேசையைச் சுற்றி அமர்ந்து, எங்கும் இசைத்தாள் பரப்பி, சுரக்குறிப்பு எழுதத் தெரிந்த சிகாகோவின் கறுப்பின இசைக்கலைஞர்கள் அத்தனை பேரும் கை கொடுத்து, பிரைஸ் குறித்த நாளுக்குள் வேலையை முடிக்க உதவியதை மார்கரெட் நினைவுகூர்ந்திருக்கிறார். 1932 வானமேக்கர் போட்டியில் பாட்டுப் பிரிவில் பரிசு பெற்றவரும் இதே மார்கரெட்தான். ஒரே வீட்டிலிருந்து இத்தனை பரிசுகள் வந்தன என்றால், அந்தச் சமையலறையில் எத்தகைய உழைப்பு நடந்திருக்கும்!

அரங்கேற்றத்துக்குப் பிறகு சிகாகோ டெய்லி நியூஸ் நாளிதழின் விமர்சகர் அதைக் குறையற்ற படைப்பு என்றும், சிம்பொனி அரங்குகளில் வழக்கமாக வாசிக்கப்படத் தகுந்தது என்றும் எழுதினார். தகுதியை ஒப்புக்கொண்டார்கள், ஆனால் இடம் கொடுக்கவில்லை. 1940இல் டெட்ராய்ட் நகரில் மூன்றாம் சிம்பொனியை அரங்கேற்றியது, வேலையிழந்த கலைஞர்களுக்காக அரசு நிதியில் இயங்கிய ஆர்கெஸ்ட்ரா. அதன் ஒத்திகையைக் கேட்ட, அன்றைய அதிபரின் மனைவி எலினோர் ரூஸ்வெல்ட் தம் நாளிதழ்ப் பத்தியில் பாராட்டி எழுதினார். 1943 ஜூலையில் பாஸ்டன் சிம்பொனி ஆர்கெஸ்ட்ராவின் நடத்துநர் செர்கே குசெவிட்ஸ்கிக்குப் பிரைஸ் எழுதிய கடிதம், தமக்கு இரண்டு குறைகள் உண்டு என்றும், தாம் பெண் என்பது ஒன்று, தம் உடலில் கறுப்பின ரத்தம் ஓடுகிறது என்பது மற்றொன்று என்றும் தொடங்குகிறது. சலுகை எதுவும் வேண்டாம், இசையை இசையாக மட்டும் எடைபோடுங்கள் என்பதே அவர் கேட்டது. அவர் இசை கற்ற அதே நகரத்தின் ஆர்கெஸ்ட்ராதான் அது. குசெவிட்ஸ்கி தம் காலம் முடியும்வரை பிரைஸின் எந்தப் படைப்பையும் அங்கே வாசிக்கவில்லை.

2009க்கு முன் நடந்ததையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். பிரைஸின் மகள் பாதுகாத்துவைத்த தாள்கள் 1970களில் ஆர்கன்சா பல்கலைக்கழகத்துக்குச் சென்றன. அங்கே பேராசிரியராக இருந்த பார்பரா கார்வி ஜாக்சன் 1977இல் அவரைப் பற்றி விரிவான கட்டுரை வெளியிட்டார். ரே லிண்டா பிரவுன் தம் ஆய்வு வாழ்க்கையையே பிரைஸுக்காகச் செலவிட்டு, வேயன் ஷெர்லியுடன் சேர்ந்து முதல், மூன்றாம் சிம்பொனிகளைச் செம்பதிப்பாகக் கொண்டுவந்தது 2008இல். பாழடைந்த வீட்டின் கதவு திறக்கப்படுவதற்கு ஓராண்டு முன்பே தாங்கள் கேட்ட சிம்பொனி அச்சில் இருந்தது. தம் பிரைஸ் வரலாற்று நூல் வெளிவருவதைப் பார்க்காமல் பிரவுன் 2017இல் காலமானார். ‘கண்டெடுப்பு’க் கதை பரவப் பரவ, இந்தப் பெண்கள் உழைத்த முப்பது ஆண்டுகள் பின்னுக்குத் தள்ளப்படுவது எனக்கு உண்மையாகவே வருத்தம் தருகிறது.

மறுமொழி 3

மேலே எழுதியவரின் ஆதங்கம் புரிகிறது, பெரும்பாலும் உடன்படுகிறேன். ஆனாலும் அந்த வீட்டின் பங்கைக் குறைத்துவிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். செயின்ட் ஆன் என்னும் சிற்றூரில் இருந்த அது பிரைஸின் கோடைக்கால வீடு. மரம் விழுந்து கூரை பிளந்து, உள்ளே பொருள்கள் சூறையாடப்பட்டுக் கிடந்தது. மழை படாமல் தப்பிய ஒரு பகுதியில்தான் தாள்கள் இருந்தன. இரண்டு வயலின் கான்செர்ட்டோக்களும் நான்காம் சிம்பொனியும் அங்கிருந்தே கிடைத்தன. 1945இல் எழுதிய அந்தச் சிம்பொனி முதன்முதலாக மேடையேறியது 2018இல், ஆர்கன்சாவின் ஃபோர்ட் ஸ்மித் சிம்பொனியின் கைகளில். கூரையின் ஓட்டை சில அடி தள்ளி விழுந்திருந்தால் இன்று நமக்கு அது இல்லை.

துவோர்ஷாக்கைப் பற்றிய கேள்விக்கு வருகிறேன். ஒற்றுமைகள் உண்டு; மறைக்க வேண்டியதில்லை. இரண்டுமே ஈ மைனர் என்னும் ஒரே சுரவரிசையில் அமைந்தவை. இரண்டிலும் ஐந்து சுரங்களுக்குள் புழங்கும் மெட்டுகள் வருகின்றன. மோகனமும் சுத்த தன்யாசியும் கேட்டுப் பழகிய காது அவற்றை உடனே இனங்கண்டுகொள்ளும். பிரைஸ் அந்தச் சிம்பொனியை நன்கு அறிந்தவர் என்பதிலும் ஐயமில்லை. ஆனால் யார் யாரிடம் பெற்றார்கள் என்பதைச் சற்றுப் பின்னோக்கிப் பார்க்க வேண்டும். 1892இல் நியூயார்க்குக்கு வந்த செக் நாட்டவரான துவோர்ஷாக், ஆன்மிகப் பாடல்களை அறிந்தது ஹாரி பர்லி என்னும் கறுப்பின மாணவர் பாடிக் காட்டியதால். ஐம்பது வயதில் விருந்தாளியாகக் கேட்ட ஒன்றை அவர் தம் மொழியில் எழுதினார். பிரைஸுக்கு அது பிறந்த வீட்டுச் சொத்து. தம் பாட்டன் பாட்டியர் மொழியில் ஒருவர் எழுதுவதைப் பார்த்தெழுதியது என்பது எப்படிப் பொருந்தும்?

இந்த வேறுபாடு மிகத் தெளிவாகக் கேட்கும் இடம் மூன்றாம் பகுதி. ஐரோப்பிய வழக்கப்படி அங்கே ஸ்கெர்ட்ஸோ என்னும் விரைவான, துள்ளலான பகுதி வர வேண்டும். பிரைஸ் வைத்திருப்பது, அடிமைகளாக இருந்த கறுப்பின மக்கள் உடம்பைத் தட்டித் தாளமிட்டு ஆடிய ஜூபா நடனம். தெற்கு கரோலினாவில் 1739இல் நடந்த அடிமைகளின் எழுச்சிக்குப் பிறகு, அடுத்த ஆண்டே வந்த சட்டம் அவர்கள் முழவு வாசிப்பதைத் தடைசெய்தது; முழவொலியால் சேதி அனுப்பிவிடுவார்கள் என்ற அச்சமே காரணம். தோல்கருவி போனபின் உடம்பே கருவியாயிற்று. ஒரு கை தொடையிலும் மறுகை மார்பிலும் மாறி மாறித் தட்ட, குதிகால் தரையில் அடியைப் பிடித்துக்கொள்ளும். கைகளின் தட்டு அந்த அடிக்கு நேராக விழாமல் சற்றுத் தள்ளித் தள்ளி விழும். இப்போது அந்தப் பகுதியை மீண்டும் கேட்டுப் பாருங்கள். தாழ்ந்த சுரங்களை வாசிக்கும் தந்திக் கருவிகள் குதிகாலின் வேலையைச் செய்துகொண்டிருக்க, மேலே வயலின்கள் அடிக்குத் தள்ளித் தள்ளி விளையாடுவது கேட்கும். ஆப்பிரிக்க முழவுகளையும் பிரைஸ் அந்தச் சிம்பொனிக்குள் கொண்டுவந்திருக்கிறார். தடைசெய்யப்பட்ட முழவு, 1933இல் ஸ்டாக்கின் ஆர்கெஸ்ட்ராவுக்கு நடுவே ஒலித்தது என்பதை அறிந்த நாள்முதல் அந்தப் பகுதியை என்னால் வெறும் உற்சாகமான நடனமாகக் கேட்க முடிவதில்லை.

சிம்பொனி போன்ற பெரிய வடிவங்களில் ஏன் ஜூபாவை வைக்கிறேன் என்று 1940இல் ஒரு கடிதத்தில் அவரே விளக்கியிருக்கிறார். கறுப்பின மக்களின் இசைக்கு ஆன்மிகப் பாடலின் உணர்வு எவ்வளவு இன்றியமையாததோ, ஜூபாவின் தாளமும் அவ்வளவு இன்றியமையாதது என்பது அவருடைய கருத்து. தாங்கள் திரும்பத் திரும்பக் கேட்ட இரண்டாம் பகுதியின் பித்தளைக் குழல் பாடலும் மூன்றாம் பகுதியின் ஜூபாவும் அடுத்தடுத்து நிற்பது அந்த எண்ணத்தால்தான்.

கேள்வி கேட்டவர்

மூவருக்கும் நன்றி. ஜூபாவைப் பற்றிப் படித்த பிறகு அந்தப் பகுதியைக் கேட்கும்போது என் கை தானாகத் தொடையில் விழுகிறது. ஆனால் அடிக்குத் தள்ளி விழும் தட்டைக் குதிகாலோடு சேர்த்துப் பிடிக்க இன்னும் வரவில்லை. இரண்டு சுற்றுக்குள் கை காலோடு சேர்ந்துகொண்டுவிடுகிறது. சமையலறை மேசையைப் பற்றி எழுதியவரிடம் மட்டும் ஒரு வேண்டுகோள். பியானோவுக்காகவே அவர் எழுதியவற்றில் எதிலிருந்து தொடங்கலாம்? கேட்பதற்கும் வேண்டும், முடிந்தால் நானே வாசித்துப் பழகுவதற்கும் வேண்டும்.

மறுமொழி 2 எழுதியவர்

கேட்பதற்கு, ஒரே பகுதியாக அமைந்த பியானோ கான்செர்ட்டோவைச் சொல்வேன். 1934இல் பிரைஸே பியானோவில் அமர்ந்து அரங்கேற்றியது. அதே ஆண்டு மார்கரெட் பாண்ட்ஸும் அதை வாசித்தார். இதற்கும் சிம்பொனிகளின் கதிதான். ஆர்கெஸ்ட்ராவுக்கான முழுப் பிரதி காணாமல் போக, பியானோவுக்குச் சுருக்கி எழுதிய பிரதிகளையும் வேறு குறிப்புகளையும் வைத்துக்கொண்டு டிரெவர் வெஸ்டன் என்னும் இசையமைப்பாளர் 2011இல் அதை மீட்டெழுதினார். பிற்பாடு அசல் கையெழுத்துப் பிரதியே ஏலத்தில் வெளிப்பட்டது. ஒரே பகுதி என்ற பெயரிருந்தாலும் உள்ளே மூன்று பிரிவுகள் உண்டு. நடுப்பிரிவில் ஓபோ என்னும் குழல் ஓர் அடி பாட, பியானோ மறுமொழி சொல்லும். தேவாலயத்தில் ஒருவர் எடுத்துக்கொடுக்க மற்றவர்கள் வாங்கிப் பாடும் முறை அப்படியே வந்திருக்கிறது. கடைசிப் பிரிவு ஜூபா.

அதை அடுத்து, ஆன்மிகப் பாடல் ஒன்றை அடிப்படையாகக் கொண்டு 1929இல் எழுதிய ‘ஃபான்டசி நெக்ர்’ முதல் எண்ணைக் கேளுங்கள். மார்கரெட்டுக்குக் காணிக்கையாக்கியது அது. கேட்கலாமே தவிர, இப்போதைக்குக் கை வைக்க வேண்டாம், விரல்களுக்குக் கடினமானது.

வாசித்துப் பழக ‘கரும்புக்காட்டு நடனங்கள்’ என்னும் மூன்று துண்டுகள் பொருந்தும். அவர் மறைந்த 1953ஆம் ஆண்டைச் சேர்ந்தவை. கறுப்பின இசையமைப்பாளர் வில்லியம் கிராண்ட் ஸ்டில் பிற்பாடு இவற்றை ஆர்கெஸ்ட்ராவுக்கு விரித்தெழுதினார். அவரும் லிட்டில் ராக்கில் வளர்ந்தவர். இருவருக்கும் பள்ளியில் பாடம் சொன்ன ஆசிரியையும் ஒருவரே. நடுவில் உள்ள மெதுவான துண்டிலிருந்து தொடங்குங்கள். குதிகாலும் கையும் பிரிந்து நிற்கவில்லை என்று எழுதியிருந்தீர்களே, இதில் குதிகாலின் வேலை இடக்கைக்கு வரும். அதைத் தனியே, அசையாமல் நிற்கும்வரை பல நாள்கள் வாசித்துவிட்டு, பிறகு வலக்கையைச் சேருங்கள்.